காவிரிப் படுகை நெல் ஆய்வுகளில் ஒட்டுறவுக் கெழுக்களை ஒருங்கிணைத்தல்: மீப்பகுப்பாய்வு முறையும் புள்ளியியல் மென்பொருள் பயன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

நெல்லின் விளைச்சலுக்கும் அதன் கூறுகளுக்கும் இடையிலான ஒட்டுறவைக் கணக்கிடும் ஆய்வேடுகள் தமிழகத்தில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. அவை தரும் கெழுக்கள் ஒன்றற்கொன்று வேறுபடுகின்றன. அவற்றை எளிய சராசரியால் இணைப்பதும், மிகைகாண் தன்மை பெற்ற ஆய்வுகளை மட்டும் எண்ணுவதும் பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். ஃபிஷரின் உருமாற்றம், நிறையிட்ட சராசரி, சமவாய்ப்பு விளைவு மாதிரியம் ஆகியவற்றைக் கொண்டு கெழுக்களை ஒருங்கிணைக்கும் முறையை இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது. ‘ஆர்’ மென்பொருளில் அதனைச் செய்யும் வழியையும், நெல் ஆய்வுகளில் தனித்துக் கவனிக்க வேண்டிய இடர்களையும் எடுத்துரைக்கிறது.

திறவுச் சொற்கள்: ஒட்டுறவுக் கெழு, மீப்பகுப்பாய்வு, ஃபிஷர் உருமாற்றம், பன்முகத்தன்மை, குறுவை, சம்பா, ஆடுதுறை.

முன்னுரை

ஆடுதுறையில் 1922ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அங்கும், காவிரிப் படுகையின் கடைமடையை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்திலும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பிற நிலையங்களிலும் நெல் மரபுவகைகளை ஒப்பிடும் வயல் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. இத்தகைய ஆய்வேடுகளில் வழக்கமாக இடம்பெறுவது ஒட்டுறவு அட்டவணை. ஒரு செடியின் தானிய விளைச்சலுக்கும் கதிர் தரும் தூர்களின் எண்ணிக்கைக்கும், கதிர் நீளத்துக்கும், கதிரொன்றின் மணிகளுக்கும், ஆயிரம் மணி எடைக்கும் இடையிலான கெழுக்கள் அதில் தரப்படும். எந்தப் பண்பைப் பார்த்துச் செடிகளைத் தெரிவு செய்யலாம் என்று இனப்பெருக்க வல்லுநருக்குப் பரிந்துரைப்பதே அவ்வட்டவணையின் பயன்.

இங்கேதான் இடர் தோன்றுகிறது. ஓர் ஆய்வேடு தூர்களின் எண்ணிக்கையே முதன்மையானது என்கிறது; மற்றொன்று அத்தொடர்பு வலுவற்றது என்கிறது. ஒரு நெல் வகை கலப்பினச் சேர்க்கையிலிருந்து வெளியீடு வரை வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத் தலைமுறைகளில் தவறான பண்பைக் கொண்டு தெரிவு செய்தால், அப்போது கழிக்கப்பட்ட செடிகள் பின்னர் மீள்வதில்லை. ஆகவே முரண்படும் கெழுக்களிலிருந்து எந்த முடிவைப் பெறுவது என்பது இனப்பெருக்கத் திட்டத்தின் போக்கையே தீர்மானிக்கும் வினாவாகும்.

கெழுக்களை இணைத்தலின் வரலாறு

கெழுக்களை ஒருங்கிணைக்கும் முயற்சியின் தொடக்கத்தில் இந்தியாவுக்கும் இடமுண்டு. கார்ல் பியர்சன் 1904ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் குடற்காய்ச்சல் தடுப்பூசி குறித்த அறிக்கையொன்றை வெளியிட்டார். ஆல்ம்ராத் ரைட் உருவாக்கிய தடுப்பூசி, தென்னாப்பிரிக்கப் போரில் ஈடுபட்ட படைகளுக்கும் இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படைக்கும் செலுத்தப்பட்டிருந்தது. தடுப்பூசிக்கும் நோய்க்கு ஆட்படாமைக்கும் இடையிலான ஒட்டுறவைப் பியர்சன் ஐந்து குழுக்களுக்குத் தனித்தனியே கணக்கிட்டார். மருத்துவமனைப் பணியாளர்களுக்கு 0.373, லேடிஸ்மித் காவற்படைக்கு 0.445, மெத்துவன் படைப்பிரிவுக்கு 0.191, தனிப் படைப்பிரிவுகளுக்கு 0.021, இந்தியப் படைக்கு 0.100 எனக் கெழுக்கள் கிடைத்தன. இவற்றின் சராசரி 0.226.

பியர்சன் சராசரியைக் கூறியதோடு நின்றுவிடவில்லை. கெழுக்கள் குழுவுக்குக் குழு இவ்வளவு வேறுபடுவதையும், சராசரி தாழ்வாக இருப்பதையும் சுட்டிக்காட்டி, மேலும் கவனமான சோதனை வேண்டும் என்றார். இன்று பன்முகத்தன்மை என்று நாம் குறிப்பிடும் சிக்கலை அவர் அன்றே எதிர்கொண்டார் எனலாம்.

பின்னர் ரோனால்டு ஃபிஷர் கெழுவின் கூறுபரவலை ஆராய்ந்து, அதனைச் சீர்செய்யும் உருமாற்றத்தை அளித்தார். யேட்ஸ், காக்ரன் ஆகிய இருவரும் 1938இல் வேளாண் வயல் சோதனைகளின் தொகுதிகளை இணைத்துப் பகுப்பாய்வு செய்யும் முறையை விளக்கினர். ‘மெட்டா அனாலிசிஸ்’ என்னும் பெயரை 1976இல் ஜீன் கிளாஸ் வழங்கினார். தமிழில் இதனை மீப்பகுப்பாய்வு என்கிறோம். கல்வியியலும் மருத்துவமும் இம்முறையைப் பெருக வளர்த்தன. எனினும் அதன் வேர்களில் ஒன்று வேளாண் வயலில் உள்ளது என்பது நினைவுகூரத் தக்கது.

எளிய சராசரி ஏன் போதாது

கெழுக்களைக் கூட்டி ஆய்வுகளின் எண்ணிக்கையால் வகுப்பதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, 20 மரபுவகைகளைக் கொண்ட ஆய்வும் 100 மரபுவகைகளைக் கொண்ட ஆய்வும் சம மதிப்புப் பெறுகின்றன. இரண்டாவது, கெழுவின் மதிப்பு −1, +1 ஆகிய எல்லைகளுக்குள் அடங்குவதால், எல்லையை நெருங்கும்போது அதன் கூறுபரவல் ஒருபக்கம் சாய்கிறது. அதன் திட்டப் பிழையும் கெழுவின் அளவையே சார்ந்து மாறுகிறது. மூன்றாவது, அச்சராசரி எவ்வளவு நம்பத்தக்கது என்பதற்கான அளவு எதுவும் கிடைப்பதில்லை.

‘இத்தனை ஆய்வுகளில் இத்தனை ஆய்வுகள் மிகைகாண் தன்மை பெற்றன’ என்று எண்ணுவது இதனினும் பிழையானது. 30 மரபுவகைகள் கொண்ட ஆய்வில் 5 விழுக்காட்டு நிலையில் கெழு 0.361ஐத் தாண்ட வேண்டும். 60 மரபுவகைகள் எனில் 0.254 போதும். 0.33 என்னும் ஒரே கெழு முதல் ஆய்வில் ‘தொடர்பு இல்லை’ என்றும் இரண்டாவதில் ‘தொடர்பு உண்டு’ என்றும் எழுதப்படும். வேறுபட்டது கூறளவே; நெல்லின் இயல்பன்று.

ஃபிஷரின் உருமாற்றம்

ஒட்டுறவுக் கெழுவை ‘ஒ’ எனவும், உருமாறிய மதிப்பை ‘உ’ எனவும் குறித்தால்,

உ = ½ × இயற்கை மடக்கை [(1 + ஒ) ÷ (1 − ஒ)]

இவ்வாறு பெற்ற மதிப்பு ஏறத்தாழ இயல்நிலைப் பரவலைக் கொண்டிருக்கும். அதன் விலக்க வர்க்கச் சராசரி, கூறளவிலிருந்து 3ஐக் கழித்து வரும் எண்ணின் தலைகீழ் ஆகும். கெழுவின் அளவு அதில் இடம்பெறாமையே இவ்வுருமாற்றத்தின் சிறப்பு. எனவே ஒவ்வோர் ஆய்வின் நிறையும் ‘கூறளவு − 3’ ஆக அமைகிறது. சராசரியையும் நம்பிக்கை இடைவெளியையும் உருமாறிய அளவில் கண்டு, இறுதியில் அவற்றை மீண்டும் கெழுவாக மாற்ற வேண்டும்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

கணக்கின் போக்கை விளக்கும் பொருட்டு மட்டும் நான்கு ஆய்வுகளைக் கற்பனையாகக் கொள்வோம். இவ்வெண்கள் எந்த வயலின் தரவும் அல்ல. கதிர் தரும் தூர்களுக்கும் செடியொன்றின் விளைச்சலுக்கும் இடையிலான கெழுக்கள் பின்வருமாறு:

ஆய்வு அ: கெழு 0.62, மரபுவகைகள் 30, உருமாறிய மதிப்பு 0.725, நிறை 27
ஆய்வு ஆ: கெழு 0.45, மரபுவகைகள் 48, உருமாறிய மதிப்பு 0.485, நிறை 45
ஆய்வு இ: கெழு 0.18, மரபுவகைகள் 60, உருமாறிய மதிப்பு 0.182, நிறை 57
ஆய்வு ஈ: கெழு 0.71, மரபுவகைகள் 24, உருமாறிய மதிப்பு 0.887, நிறை 21

நிறைகளின் கூடுதல் 150. நிறையிட்ட சராசரி 0.469, அதனைக் கெழுவாக மாற்றினால் 0.44. திட்டப் பிழை 150இன் வர்க்கமூலத்தின் தலைகீழ், அதாவது 0.082. இதிலிருந்து 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 0.30 முதல் 0.56 வரை எனப் பெறுகிறோம். இது நிலைத்த விளைவு மாதிரியம். நான்கு ஆய்வுகளும் ஒரே உண்மைக் கெழுவையே அளக்கின்றன, வேறுபாடு முழுவதும் கூறெடுப்பால் விளைந்தது என்பது இதன் எடுகோள்.

அவ்வெடுகோள் பொருந்துகிறதா என்பதைக் ‘க்யூ’ அளவை சோதிக்கிறது. ஒவ்வோர் உருமாறிய மதிப்பும் சராசரியிலிருந்து விலகும் தொலைவின் வர்க்கத்தை நிறையால் பெருக்கிக் கூட்டினால் அது கிடைக்கும். இங்கு அதன் மதிப்பு 10.15. கட்டின்மை எண் 3க்குரிய கைவர்க்க வரம்பு 7.81. வரம்பு மீறப்பட்டுள்ளதால் ஒரே உண்மைக் கெழு என்னும் எடுகோளை ஏற்க இயலாது. மொத்த வேறுபாட்டில் கூறெடுப்பால் விளக்க முடியாத பங்கைக் காட்டும் ‘ஐ-வர்க்கம்’ ஏறத்தாழ 70 விழுக்காடு.

ஆகவே சமவாய்ப்பு விளைவு மாதிரியத்துக்குச் செல்கிறோம். உண்மைக் கெழுவே ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது என இது கொள்கிறது. அம்மாற்றத்தின் அளவான ‘டௌ-வர்க்கம்’, டெர்சிமோனியன்–லெயர்டு முறைப்படி 0.067. இதனை ஒவ்வோர் ஆய்வின் விலக்க வர்க்கச் சராசரியோடும் கூட்டிய பின் நிறைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. முன்னர் 38 விழுக்காட்டு நிறை பெற்ற ஆய்வு இ இப்போது 29 விழுக்காடும், 14 விழுக்காடு பெற்ற ஆய்வு ஈ இப்போது 21 விழுக்காடும் பெறுகின்றன. ஒருங்கிணைந்த கெழு 0.49, நம்பிக்கை இடைவெளி 0.23 முதல் 0.69 வரை.

ஆய்வுகள் சிலவே இருக்கும்போது இவ்விடைவெளியும் மிகக் குறுகியதே. நாப்–ஹார்டுங் திருத்தத்தைக் கையாண்டால் அது 0.05 முதல் 0.77 வரை விரிகிறது.

எளிய சராசரியும் இங்கு 0.49 என்றே வருவதை வாசகர் கவனித்திருக்கலாம். அது தற்செயலானது. இவ்வொற்றுமையே ஓர் உண்மையையும் உணர்த்துகிறது: மீப்பகுப்பாய்வின் பயன் மைய எண்ணில் மட்டும் இல்லை; அவ்வெண்ணைச் சூழ்ந்த ஐயத்தின் அளவை வெளிக்கொணர்வதில் உள்ளது.

கணிப்பு இடைவெளி

நம்பிக்கை இடைவெளி சராசரிக் கெழுவைப் பற்றியது. புதிய வயலில், புதிய மரபுவகைத் தொகுதியில் நிகழும் அடுத்த ஆய்வில் எத்தகைய கெழுவை எதிர்பார்க்கலாம் என்பதே இனப்பெருக்க வல்லுநரின் வினா. அதற்கு விடை தருவது கணிப்பு இடைவெளி. ஆய்வுகளின் எண்ணிக்கையில் 2 குறைத்த கட்டின்மை எண் கொண்ட ‘டி’ பரவலால் கணக்கிட்டால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது −0.64 முதல் 0.95 வரை அமைகிறது. சராசரித் தொடர்பு நேர்மறையானது எனச் சொல்ல முடிந்தாலும், அடுத்த வயலைப் பற்றி இந்நான்கு ஆய்வுகளைக் கொண்டு ஏறத்தாழ எதையும் சொல்ல முடியாது என்பது இதன் பொருள். இதனை மறைத்து 0.49 என்னும் எண்ணை மட்டும் பரிந்துரையாக அளிப்பது ஆய்வறமாகாது.

மென்பொருளில் செய்யும் முறை

‘ஆர்’ கட்டணமற்ற மென்பொருள். அதில் இயங்கும் ‘மெட்டாஃபார்’ தொகுப்பை உருவாக்கியவர் வொல்ஃப்காங் ஃபீக்ட்பவர். அதனை விளக்கும் அவருடைய கட்டுரை 2010இல் வெளிவந்தது. கையால் செய்த மேற்கண்ட கணக்கு முழுவதும் அதில் நான்கு படிகளில் அடங்கும்.

முதற்படி தரவுக் கோப்பு. ஓர் ஆய்வுக்கு ஒரு வரிசை. ஆய்வின் பெயர், ஆண்டு, இடம், பருவம், நடவு முறை, மரபுவகைகளின் எண்ணிக்கை, கெழு ஆகியவை நிரல்கள். இரண்டாம் படியில் ‘எஸ்கால்க்’ கட்டளைக்கு ‘இசட்கார்’ என்னும் அளவையைக் குறிப்பிட்டால், உருமாறிய மதிப்பும் விலக்க வர்க்கச் சராசரியும் புதிய நிரல்களாகச் சேரும். மூன்றாம் படியில் ‘ஆர்எம்ஏ’ கட்டளை மாதிரியத்தைப் பொருத்துகிறது. அது இயல்பாகக் கையாள்வது ‘ரெம்ல்’ எனப்படும் கட்டுறு மீப்பெரு நிகழ்தகவு முறை. எனவே டௌ-வர்க்கம் கைக்கணக்கிலிருந்து சற்று வேறுபடலாம். எம்முறையைக் கையாண்டோம் என்பதைக் கட்டுரையில் குறிப்பிடுதல் இன்றியமையாதது. நாப்–ஹார்டுங் திருத்தத்தைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். கேளாவிடில் மென்பொருள் அதனைச் செய்யாது. நான்காம் படியில் ‘பிரடிக்ட்’ கட்டளை, உருமாறிய மதிப்பை மீண்டும் கெழுவாக்கி, நம்பிக்கை இடைவெளியையும் கணிப்பு இடைவெளியையும் தருகிறது. இந்த மீள்மாற்றத்தை மறந்து, உருமாறிய மதிப்பையே கெழு என அச்சிடுவது தொடக்கநிலை ஆய்வாளர்கள் செய்யக்கூடிய பிழை. ஒன்றைத் தாண்டிய ‘கெழு’ அட்டவணையில் தென்பட்டால் இதனை முதலில் ஐயுற வேண்டும்.

கட்டளைகளை எழுதத் தயங்குவோர் ‘ஜாஸ்ப்’, ‘ஜமோவி’ ஆகிய கட்டணமற்ற மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். எனினும் கட்டளைகளை எழுதிச் சேமித்தால், அதே கணக்கைப் பிறர் மீளச் செய்து சரிபார்க்க முடியும்.

நெல் ஆய்வுகளில் கவனிக்க வேண்டியவை

மென்பொருள் எந்த எண்ணைக் கொடுத்தாலும் கணக்கிட்டுவிடும். எவ்வெண்ணைக் கொடுப்பது என்பதில்தான் பயிரை அறிந்தவரின் தேவை உள்ளது.

1. கூறளவு எது? 30 மரபுவகைகளை மும்முறை மீள்செய்கையாகப் பயிரிட்டால் வயலில் 90 பாத்திகள் இருக்கும். கெழு மரபுவகைச் சராசரிகளைக் கொண்டு கணக்கிடப்பட்டிருந்தால் கூறளவு 30 மட்டுமே. எடுத்துக்காட்டின் நான்கு ஆய்வுகளிலும் பாத்திகளை எண்ணினால் நிறைகளின் கூடுதல் 150இலிருந்து 474 ஆகும். திட்டப் பிழை 0.082இலிருந்து 0.046 ஆகச் சுருங்கும். புதிய தகவல் ஏதுமின்றித் துல்லியம் மட்டும் பெருகியதாகத் தோன்றும்.

2. எவ்வகைக் கெழு? ஆய்வேடுகள் புறத்தோற்ற ஒட்டுறவு, மரபுவகை ஒட்டுறவு என இரண்டையும் தருகின்றன. மரபுவகைக் கெழு, விலக்கங்களின் கூறுகளிலிருந்து பெறப்படும் மதிப்பீடு. சில வேளைகளில் அது ஒன்றைத் தாண்டுவதும் உண்டு. அப்போது ஃபிஷரின் உருமாற்றத்துக்கு மதிப்பே இராது. ஒன்றைத் தாண்டாதபோதும் அதன் பிழை ‘கூறளவு − 3’ என்னும் எளிய விதிக்கு உட்படாது. ஆகவே புறத்தோற்றக் கெழுக்களை மட்டும் இணைப்பதே தக்கது. தடப் பகுப்பாய்வின் நேரடி விளைவுக் கெழுக்கள் மாதிரியத்தில் எந்தெந்தப் பண்புகள் சேர்க்கப்பட்டன என்பதைச் சார்ந்தவை. அவற்றை ஒட்டுறவுக் கெழுக்களோடு கலத்தல் கூடாது.

3. எப்பருவம்? குறுவையில் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 போன்ற குறுகிய கால வகைகள் ஏறத்தாழ 110 நாட்களில் அறுவடைக்கு வருகின்றன. சம்பாவில் சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால வகைகள் 150 நாட்களுக்கு மேல் வயலில் நிற்கின்றன. தூர் கட்டும் காலமும், தூர்களுக்கிடையிலான போட்டியும், கதிர் வாங்காமல் அழியும் தூர்களின் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பருவத்தை விளக்கும் மாறியாக மாதிரியத்தில் சேர்த்து, கெழு பருவத்துக்கேற்ப மாறுகிறதா எனக் காண வேண்டும்.

4. எவ்வாறு நட்டனர், எதை எண்ணினர்? மேட்டூர் அணை திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளில் நேரடி விதைப்பு பெருகுகிறது. திருந்திய நெல் சாகுபடியில் ஒற்றை நாற்று அகன்ற இடைவெளியில் நடப்படுகிறது. குத்து ஒன்றுக்கு எண்ணிய தூர்களும் சதுர மீட்டர் ஒன்றுக்கு எண்ணிய கதிர்களும் ஒரே மாறி அல்ல. பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு அவற்றை இணைத்தல் தகாது.

5. மரபுவகைகளின் வீச்சு எத்தகையது? மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற மரபு நெல் வகைகளையும் குட்டை வகைகளையும் ஒருங்கே கொண்ட தொகுதியில் பண்புகளின் வேறுபாடு மிகுதி. ஒரே கலப்பிலிருந்து வந்த முதிர்ந்த வழிமரபுகளில் அது குறைவு. வீச்சு சுருங்கும்போது கெழுவும் சுருங்கக்கூடும். தாழ்ந்த கெழு வலுவற்ற தொடர்பைக் காட்டாமல், சுருங்கிய வீச்சையே காட்டலாம்.

6. ஆய்வுகள் ஒன்றையொன்று சாராதவையா? ஓர் ஆய்வேடும் அதிலிருந்து எழுதப்பட்ட இதழ்க் கட்டுரையும் ஒரே தரவுடையவை; அவற்றை ஒருமுறையே எண்ண வேண்டும். அதே மரபுவகைகளை இரு பருவங்களில் பயிரிட்டுப் பெற்ற இரு கெழுக்கள் சார்புடையவை. அவற்றுக்கு ‘ஆர்எம்ஏ.எம்வி’ கட்டளையின் பல்லடுக்கு மாதிரியம் உரியது.

7. வெளிவராதவை எங்கே? எடுத்துக்காட்டில் மிகைகாண் தன்மை பெறாத ஆய்வு இ இதழில் வெளிவராமல் போயிருந்தால், எஞ்சிய மூன்றின் நிலைத்த விளைவுக் கெழு 0.44இலிருந்து 0.57 ஆக உயர்ந்திருக்கும். இதனை ஐயுறப் புனல் வரைபடம் உதவும். ஆயினும் பத்துக்குக் குறைவான ஆய்வுகளில் அதன் சான்று வலுவற்றது. ‘சோத்கங்கா’, ‘கிருஷிகோஷ்’ ஆகிய மின்களஞ்சியங்களில் உள்ள ஆய்வேடுகளைத் தேடிச் சேர்ப்பதே நம்பத்தக்க வழி. மிகைகாண் தன்மை பெறாத கெழுவும் ஆய்வேட்டின் அட்டவணையில் பதிவாகியிருக்கும் வாய்ப்பு மிகுதி.

முடிவுரை

ஒட்டுறவுக் கெழுக்களை ஒருங்கிணைத்தல் கணக்களவில் கடினமன்று. உருமாற்றம், நிறையிடல், மீள்மாற்றம் ஆகிய மூன்றும் ஒரு தாளில் அடங்கும். மென்பொருள் அவற்றை நொடியில் முடிக்கும். கடினமானது, எவ்வாய்வுகள் ஒன்றாக வைக்கத் தக்கவை என்னும் தெளிவு. குறுவையையும் சம்பாவையும், குத்தையும் சதுர மீட்டரையும், மரபுவகையையும் பாத்தியையும் பிரித்தறியாமல் பெற்ற சராசரி எந்த வயலுக்கும் உரியதன்று.

இப்பணிக்கு ஆய்வேடு எழுதுவோர் இன்றே துணை செய்யலாம். கெழுவோடு மரபுவகைகளின் எண்ணிக்கை, மீள்செய்கைகள், பருவம், நடவு முறை, இடைவெளி, அளவிடும் அலகு ஆகியவற்றை அட்டவணையின் அடியிலேயே தருவதும், மிகைகாண் தன்மை பெறாத கெழுக்களின் எண் மதிப்பை விடாமல் அச்சிடுவதும் போதுமானவை. நெறியாளர்கள் இதனை வலியுறுத்தினால், நூறாண்டு கடந்த ஆடுதுறையின் வயல்களிலும் அவற்றைச் சூழ்ந்த படுகையிலும் தனித்தனியே விளைந்த எண்கள் ஒரே களத்தில் சேரும். இனப்பெருக்க வல்லுநருக்கு அப்போது ஒற்றை எண் மட்டுமன்றி, அது எந்தப் பருவத்தில், எவ்வளவு தூரம் பொருந்தும் என்னும் வரையறையும் கிடைக்கும்.